திமிங்கிலம் பார்க்க ஒரு பயணம்

போன வருடம் மாதர் சங்கக் கூட்டத்தில் நான் இந்தக் கதையை எடுத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். திருகோணமலைக்குப் போய், படகில் ஏறித் திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்றேன். “கூரை ஒழுகுது, உனக்குத் திமிங்கிலமோ?” என்று ஒரு அக்கா கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை.

என் கணவர் கடல்தொழிலாளி. சில நாட்களில் விடிய வள்ளத்தால் வந்து, தூரத்தில் கடல்நீர் தூண்போல எழும்பியதைக் கண்டதாகச் சொல்வார். பகிடி விடுகிறார் என்றே நினைப்பேன். 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோம். அந்த வருடமே அவரை இழந்தேன். பிறகு நான் கடற்கரைப் பக்கம் போவதில்லை. ஆனால் அவர் கண்டதை ஒருமுறை நானும் காணவேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

சீட்டுக் காசைத் தொடுவதில்லை என்று முதலில் முடிவெடுத்தோம். விரும்பியவர்கள் கிழமைக்கு 200 ரூபா வேறாகச் சேர்த்தோம். கேலி செய்த அக்காவும் மூன்றாம் கிழமை காசு கொண்டு வந்தார். மொத்தம் 12 பேர். 40 கிழமையில் ஆளுக்கு 8,000 ரூபா சேர்ந்தது.

பிறகு விசாரித்தோம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவே கடலடியில் பெரிய பள்ளத்தாக்கு இருக்கிறது. அதனால் நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருகிறது. கோணேசர் கோயில் மலையில் நின்றே சில நாட்களில் காணலாமாம். இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம் இருக்கும். அவ்வளவு பெரிய உயிர் தின்பதோ கூனி போன்ற சின்னஞ்சிறு இறாலை!

இரண்டு படகுக்காரரிடம் கதைத்தோம். ஒருவர், “தொடுற தூரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுறன்” என்றார். காசும் குறைவு. மற்றவர், “100 மீற்றருக்குக் கிட்டப் போக ஏலாது, சட்டம். எஞ்சினைக் குறைச்சு, தூர நிண்டுதான் பாக்கலாம்” என்றார்.

மிச்சக் காசில் சாப்பாடு வாங்கலாம் என்று பலரும் முதலாமவரையே சொன்னார்கள். அப்போது அந்த அக்கா வாய் திறந்தார்.

“படகு துரத்தினா அது எங்க நிண்டு சாப்பிடும், எப்ப மூச்சு விடும்? நாங்க குழந்தை குட்டியோட ஓடினது காணாதோ?”

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு இரண்டாமவருக்கே முற்பணம் கொடுத்தோம்.

உங்கள் சங்கமும் போக நினைத்தால் சில விடயங்களைக் கவனியுங்கள். கிழக்கில் மார்ச்சுக்குப் பிறகு ஓகஸ்ட் வரையான காலம் நல்லது. விடியப் புறப்பட்டால் கடல் அமைதியாக இருக்கும். தூர இடத்தவர்கள் முதல்நாள் பின்னேரமே போய்த் தங்க வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். சத்தி வரும்.

எங்கள் பயணம் வருகிற மே மாதம். திமிங்கிலம் அன்றைக்கு வராமலும் போகலாம். அதையும் கதைத்துத்தான் வைத்திருக்கிறோம். படகில் கால் வைக்க எனக்கு இன்னும் பயம். அக்கா தான் எனக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.