ஒட்டுவதா, மாற்றுவதா?

ஈப்போவைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் மலையை உடைத்துக் கல் ஏற்றிய லோரிகள் நாளெல்லாம் ஓடுகின்றன. பின்னால் போகிற காரின் முன்கண்ணாடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். மெங்லெம்புவில் நான் பார்க்கப் போன கண்ணாடிப் பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவும் அந்தச் சத்தம் கேட்டு வந்தவைதான்.

பட்டறைக்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருக்கும் பால்வெட்டு. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் புந்தோங்குக்கு வந்துவிட்டது. பள்ளியை விட்டதும் ஒரு சீனத் தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கார்க் கண்ணாடியை ரப்பர் வார்தான் பிடித்திருக்கும். வாரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து கயிற்றை உருவினால் ரப்பர் விளிம்பு சட்டத்தின் மேல் மடிந்து உட்காருமாம்.

நான் போனபோது ஒரு மைவி கார் நின்றுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் பள்ளி ஆசிரியை. பயணி இருக்கைக்கு முன்னால், ஐம்பது காசு அகலத்தில் நட்சத்திரச் சில்லு.

"மாத்தணுமாண்ணே?"

அவர் பதில் சொல்லவில்லை. காருக்குள் குனிந்து, சில்லுக்கு நேர் உள்பக்கத்தில் நகத்தை மெல்ல இழுத்தார். வழவழவென்று ஓடியது.

"வெளிக்கண்ணாடி மட்டுந்தான் போயிருக்கு. ஒட்டிரலாம் டீச்சர்."

முன்கண்ணாடி என்பது இரண்டு தகடுகள். நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். கல் பட்டாலும் கண்ணாடி முகத்தில் கொட்டாமல் அது பிடித்துக்கொள்கிறது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் வேறு வகை. அடிபட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்கண்ணாடியில் வெளித்தகட்டோடு நின்ற சிறு சில்லை ஒட்டலாம். உள்தகடும் விரிந்திருந்தாலோ, விரிசல் ஓரத்தை எட்டியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருந்தால் சின்னச் சில்லையும் இவர் ஒட்டுவதில்லை. எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் மங்கலாக ஒரு தழும்பு நிற்கும். இரவில் எதிர்வண்டி வெளிச்சம் அதில் சிதறும்.

"எங்கப்பா மரம் சீவுறதப் பாத்திருக்கேன் தம்பி. மேலாப்புல போனா பால் கொறைஞ்சிரும். கத்தி தண்டத் தொட்டுட்டா மரத்துக்குக் காயம், புதுப்பட்டை முண்டு முண்டா வரும். இங்கயும் எது வரைக்கும் போயிருக்குன்னு பாக்கறதுதான் வேலையே. மத்ததெல்லாம் சாமான் பாத்துக்கும்."

ஊசிமுனையால் பள்ளத்திலிருந்த கண்ணாடித் தூளைக் கிளறி எடுத்தார். முந்தின நாள் மழை. விரிசலுக்குள் ஈரம் இருந்தால் அதை நிரப்பும் ரெசின் சரியாகப் பிடிக்காது. இளஞ்சூடு காட்டி உலர்த்தி, ஆற விட்டார். உறிஞ்சு கிண்ணங்களால் கண்ணாடியைப் பற்றி நிற்கும் ஒரு சட்டம், அதன் நடுவே ஒரு திருகுகுழாய். குழாயைச் சில்லின் வாயில் பொருத்தி, முதலில் உள்ளேயிருந்த காற்றை இழுத்தார். பிறகு ரெசினை அழுத்தி ஏற்றினார். நட்சத்திரத்தின் கால்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்று மட்டும் அடம்பிடித்தது. உள்பக்கத்திலிருந்து விரலால் லேசாக அழுத்த, அதுவும் போயிற்று. ஒளி புகும் மெல்லிய தாள் ஒட்டி, புற ஊதா விளக்கைக் காட்டினார். அந்தக் கதிர் வெயிலிலேயே உண்டு. அதனால்தான் கூரை நிழலை விட்டு வெளியே இந்த வேலையைத் தொடுவதில்லை. ரெசின் பரவும் முன்பே இறுகிவிடும். கடைசியாகப் பிளேடால் சுரண்டி மெருகேற்றினார்.

பக்கத்தில் ஒரு பிக்கப்புக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் உள்ளே, ஒருவன் வெளியே. மெல்லிய கம்பியை இழுத்து இழுத்துப் பழைய பசையை அறுத்தார்கள். அதை முழுக்கச் சுரண்டாமல் ஒரு மெல்லிய படிவை விட்டார்கள். தகரத்தில் கீறல் பட்ட இடத்தில் பிரைமர் தடவாவிட்டால் பின்னால் துரு பிடிக்கும். புதுப் பசை யூரித்தேன்; காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகுகிறது. ஒட்டும்போது எதிரியாக இருந்த பேராக்கின் ஈரம், மாற்றும்போது கூட்டாளி.

பசை இறுகாமல் வண்டியை எடுக்க அவசரப்படுபவர்களிடம்தான் இவருக்குச் சண்டை. பல கார்களில் பயணிப் பக்கத்து ஏர்பேக் விரியும்போது முன்கண்ணாடியில் முட்டித்தான் நிற்கிறது. கண்ணாடி கழன்றால் ஏர்பேக்குக்குப் பிடிமானம் இல்லை.

பணக்கணக்கு வேறு மாதிரி. விரிவான காப்புறுதியோடு முன்கண்ணாடிக் காப்பைத் தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும். வழக்கமாக அதற்குக் கட்டணம் காப்புத்தொகையில் 15 விழுக்காடு: 1,000 வெள்ளிக்கு 150 வெள்ளி. இதில் கோரினால், இழப்பீடு கோராதவர்களுக்கு 55 விழுக்காடு வரை ஏறக்கூடிய என்சிடி கழிவு குறையாது. அதனால் 'இன்சூரன்ஸ்தானே, மாத்திடுங்க' என்று வருகிறவர்கள் உண்டு. மாற்றினால் பட்டறைக்கும் வரும்படி கூடுதல். ஆனால் மாற்றியபின் அந்தக் காப்பு பொதுவாக முடிந்துவிடும். வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்ட வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள புது மாடல் என்றால், அதையும் சரிபார்த்து அமைக்க வேண்டும். ஃபேக்டரியில் போட்ட ஒட்டு ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான்.

பையன்களுக்கு இவர் தருவது மாதச் சம்பளம். "வேலைக்கு இவ்வளவுன்னு குடுத்தேன்னா, எல்லாக் கண்ணாடியும் மாத்த வேண்டிய கண்ணாடியாத்தான் அவனுங்களுக்குத் தெரியும்."

ஆசிரியை கிளம்பும்போது அடுத்த முறைக்கும் பாடம் சொல்லி அனுப்பினார். கல் பட்டால் உடனே அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், தண்ணீரும் அழுக்கும் போகாது. வண்டியைக் கழுவ வேண்டாம். வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல் ஏர்கானைத் திருப்பிவிட வேண்டாம். கையோடு கொண்டு வந்தால் ஒட்டலாமா மாற்றலாமா என்று பேசலாம். மழையிலும் வெயிலிலும் வாரக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால், அந்த முடிவை விரிசலே எடுத்திருக்கும்.