பேரருவிக்கு ஒப்பனை எதற்கு?

குற்றாலத்தை அழகுபடுத்தப் போகிறோம் என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. பேரருவியில் என்ன குறை?

மேலிருந்து விழும் தண்ணீர் நேராக நம் தலையில் இறங்குவதில்லை. முதலில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து பாறையில் விரிகிறது. அதனால்தான் குழந்தைகூட அருவிக்கடியில் நிற்க முடிகிறது. தண்ணீர் குறையும் நாளில் அந்தப் பாறையை உற்றுப் பாருங்கள், செதுக்கிய லிங்கங்கள் வரிசையாகத் தெரியும். பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். இந்த அருவிக்கு முன்னால் கான்கிரீட் வளைவும் வழுக்கும் டைல்ஸும் வண்ண விளக்கும் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பகுதியில் தனியார் விடுதிகள் நீரோடையைத் திருப்பிச் செயற்கை அருவி அமைத்த விவகாரம் 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனதே, அது போதாதா?

15-ஆம் நூற்றாண்டில் பக்கத்து ஊரான தென்காசியின் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்ப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். அவன் கேட்டது பராமரிப்பைத்தான்.

நாமும் அதைத்தான் கேட்கிறோம். பெண்களுக்குக் கதவு தாழ்போடுகிற உடைமாற்றும் அறை, சுத்தமான கழிப்பறை, உறுதியான கைப்பிடிக் கம்பி. குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபையின் மூலிகைவண்ண ஓவியங்களுக்குக் கைதேர்ந்தவர்களின் பராமரிப்பு.

இவற்றைத் தாண்டி எதை மாற்றுவதென்றாலும், டெண்டர் விடுமுன் வரைபடத்தைச் சன்னதி பஜாரில் ஒட்டுங்கள். ஊர்க்காரர்களும் கடைக்காரர்களும் பார்த்துச் சொல்லட்டும்.