குரங்குகளைத் தாண்டாத சிங்கம்

'லயன் கிங்' படத்தில் சிம்பா வளர ஒரு பாட்டுப் போதும். மரக்கட்டையின் ஒரு முனையில் குட்டியாக ஏறுகிறவன், நண்பர்கள் டிமோன், பும்பாவோடு தலையாட்டிக்கொண்டே நடந்து, பிடரி சிலிர்க்கும் இளஞ்சிங்கமாக வந்து நிற்கிறான். அதே 1994இல் வந்த வீடியோ கேமில் அப்படி நடக்காது. மொத்தம் பத்துக் கட்டம். முதல் ஆறில் அவன் குட்டிதான்.

எங்கள் கூட்டத்தில் யாரும் அந்த ஆறைக் கடக்கவில்லை. ஆறு என்ன, இரண்டையே கடக்கவில்லை. படத்தில் சிம்பாவும் தோழி நாலாவும் கூடவே வரும் பறவை ஸாஸுவை ஏமாற்றிவிட்டு ஓடுகிற குதூகலமான பாட்டுதான் இரண்டாவது கட்டம். குரங்குகள் சிம்பாவை ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு வீசும். எந்தக் குரங்கைப் பார்த்து எப்போது உறுமினால் அது திரும்பி வேறு பக்கம் வீசும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பழைய இடத்துக்கே வந்து விழுவோம். இடையில் நெருப்புக்கோழிச் சவாரி வேறு. குதிக்க வேண்டிய இடத்தில் குனிந்தால் உயிர் போச்சு.

விளையாட்டை உருவாக்கிய வெஸ்ட்வுட் நிறுவனர்களில் ஒருவரான லூயி காசில் பின்னாளில் இதற்குக் காரணம் சொன்னார். அமெரிக்காவில் அப்போது கேம் கேசட்டுகளைக் கடையில் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகைக் காலத்துக்குள்ளேயே பெரும்பகுதியை முடித்துவிட்டால் பிறகு எதற்கு விலை கொடுத்து வாங்குவார்கள்? ஆகவே தொடக்கத்திலேயே முட்டுக்கட்டை போடச் சொன்னதாம் டிஸ்னி. வாடகைக் கடையே இல்லாத ஊரில், யாரோ நகலெடுத்துக் கொடுத்த ஃபிளாப்பியில் விளையாடிய எங்களுக்கும் அதே தண்டனை! எனக்கு அதைக் கேட்டபோது கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

குறையாக மட்டும் சொல்லக் கூடாது. விளையாட்டில் வருவதெல்லாம் டிஸ்னியின் ஓவியர்களே வரைந்த அசைவுகள். குட்டி சிம்பா விளிம்பில் தொற்றிக்கொண்டு ஏறும் அழகுக்காகவே வேண்டுமென்று தொங்கவிட்டுப் பார்ப்போம். பிழைப்புக் கணக்குப் போட்டவர்களும் படம் வரைந்தவர்களும் ஒரே விளையாட்டுக்குள் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

2019இல் அந்த விளையாட்டின் மறுபதிப்பு வந்தது. செத்தால் பின்னோக்கி ஓட்டி, தப்பைத் திருத்திக்கொள்ளலாம். அந்தச் சலுகையில்தான் வளர்ந்த சிம்பாவைப் பார்த்தேன். உறுமலை விட நகம்தான் அவனுக்கு உதவுகிறது. கடைசியில் வில்லன் ஸ்கார். எவ்வளவு அடித்தாலும் சாகமாட்டான். களைத்த நேரம் பார்த்துப் பாறையிலிருந்து தூக்கி எறிய வேண்டும். விளையாட்டு அதைச் சொல்லித்தருவதில்லை. படம் பார்த்திருந்ததால் பிழைத்தேன்.