மடிந்த கல்

ஆம்பூரில் இருக்கும் என் தமையனார் வீட்டுக்குப் போன வருஷம் நான் போனது, உள்ளதைச் சொன்னால், சண்டை போடுவதற்காகத்தான். அம்மா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் உள்ள பழைய வீட்டை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் முற்றி, கடைசியில் கடிதப் போக்குவரத்தே நின்றுபோயிற்று.

அண்ணன் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர். இன்னும் வீடு திரும்பவில்லை. "உட்காருங்க தம்பி, வந்துடுவார்" என்று சொல்லி அண்ணி காப்பி கொடுத்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

படிக்கல்லில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். ஓரிடத்தில் அவை, காலால் ஒதுக்கித் தள்ளிய ஜமக்காளம் போல மடிந்து மடிந்து கிடந்தன. கல் எப்படி ஐயா மடியும்?

நான் படித்த படிப்பில் பூகர்ப்ப சாஸ்திரம் கிடையாது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு 'நைஸ்' என்று பெயர். வேலூர், ஆம்பூர்ப் பக்கத்துக் குன்றுகளில் சாதாரணமாகக் கிடைப்பது. வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில், பக்கவாட்டு நெருக்கலால் லட்சக்கணக்கான வருஷங்களில் மெல்ல மெல்ல மடிந்தது. மேலே இருந்த பாறையெல்லாம் தேய்ந்து போனபின் வெளியே வந்தது.

ஸ்காட்லாந்தில் ஸர் ஜேம்ஸ் ஹால் என்பவர் இதைத் துணியை வைத்தே விளக்கி, 1815-ல் எழுதினார். துணிகளை அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, இரு பக்கமும் நெருக்கினார். அடுக்குகள் அழகாக மடிந்தன. பாறைக்கும் மேலே பாரம் வேண்டும். பாரமும் சூடும் இல்லாத மேல்மட்டத்தில் அதே பாறையை நெருக்கினால் மடியாது, உடையும்.

தோலும் அப்படித்தான் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். உலர்ந்து வந்த தோல் பலகை மாதிரி இருக்கும். அவசரப்பட்டு மடித்தால் விரிந்துபோகும். தொட்டியில் ஊறவைத்தால் சொன்னபடி கேட்கும்.

அம்மா இருந்தவரையில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் வளைந்துகொடுத்தோம். எங்கள் நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அவள் பாரம்தான் அது.

அண்ணன் வந்தார். என்னைப் பார்த்துச் சற்று நின்றார். "கல்லு சுடுமேடா, உள்ளே வா" என்றார்.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. வீட்டு விஷயம் அன்று முடியவில்லை, இன்றும் முடியவில்லை. ஆனால் கடிதம் வருகிறது.