கசெட்டில் கேட்ட கைதட்டல்

அப்பா ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு கசெட் போடுவார். பாடகர் ஜொனி கேஷின் ‘அட் ஃபோல்சம் பிரிசன்’.

1968 ஜனவரி 13இல் கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள், கைதிகள் முன்னால் பாடிப் பதிந்தது. சின்ன வயதில் எனக்குப் பாட்டு விளங்காது. கைதட்டல், சிரிப்பு, நடுவில் வரும் சிறை அறிவிப்பு, இதெல்லாம்தான் பிடிக்கும். கடைசிப் பாட்டை எழுதிய கிளென் ஷெர்லி அங்கேயே அடைபட்டிருந்த கைதி என்று பிறகுதான் தெரிந்தது. கேட்பவர்களின் பாட்டையே அவர்கள் முன் பாடியிருக்கிறார் கேஷ்!

இந்த மாசியில் தோட்டத்துக் காமன் கூத்துக்குப் போயிருந்தேன். பொட்டலில் பனி, தப்புச் சத்தம். மதனை இழந்து ரதி அழும் இடத்தில் பக்கத்திலிருந்த அப்பாயியும் கூடவே பாடினார். போனில் பதிந்துகொண்டிருந்த தம்பி, “அப்பாயி, சத்தம் போடாதீங்க” என்றான்.

அப்பாவின் கசெட்டில் கேட்ட கைதட்டல் ஞாபகம் வர, “இருக்கட்டும்டா, அதையும் சேர்த்துப் பதி” என்றேன்.

சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நம் சொற்களைக் காப்பாற்றித் தந்தது. ஆனால் கூடப் பாடும் அப்பாயியின் கமறிய குரலை எந்தப் புத்தகத்தில் அச்சடிப்பது?

அப்பா இப்போது இல்லை. கசெட் இருக்கிறது, நாடாதான் கொஞ்சம் இழுக்கிறது.

உங்கள் வீட்டிலும் கூத்து, திருவிழா, கல்யாணம் என்று பதிந்த பழைய கசெட் கிடந்தால் வீசிவிடாதீங்க. ஒருதரம் போட்டுக் கேளுங்க. பாட்டுக்குப் பின்னால் யாரோ உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.