சாம்பாரில் உப்பு குறைவு, முட்டை நன்று

ஆசிரியர் பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒரு வேலை, மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளுக்கு முன்னால் ருசி பார்ப்பது. 2013-ல் பிகார் மாநிலம் சாப்ரா பக்கத்தில் ஒரு பள்ளியில், பூச்சிமருந்து கலந்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பரிமாற வேண்டும் என்பதில் நாடு முழுக்கக் கறார் வந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் பள்ளியில் அதற்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, உணவு, சுவை, கையெழுத்து என்று நான்கு கட்டம். சுவைக் கட்டத்தில் நான் 'நன்று' என்று எழுதுவேன். முந்தைய பக்கத்தைப் புரட்டினாலும் நன்று. பழைய நோட்டை எடுத்தால், வேறொரு ஆசிரியையின் கையெழுத்தில், அதிலும் நன்று.

இந்தப் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட வாசலோடு நிற்பதில்லை. சம்பளம் வந்த முதல் ஞாயிறு குடும்பத்தோடு வெளியில் சாப்பிடப் போவோம். வடசென்னையில் நாங்கள் இருக்கும் மூலக்கொத்தளத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஏசி போட்ட ஏதாவது ஓர் ஓட்டல். ஒருமுறை மட்டன் பிரியாணி சொன்னோம். மண்சட்டியில் வந்தது. மேலே புதினா, வறுத்த வெங்காயம், பார்க்க அம்சமாக இருந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால் மேல்சோறு வெள்ளை, நடுவில் ஆரஞ்சு, அடியில் மசாலா எண்ணெயில் தனியாக நின்றது. தம் போட்ட பிரியாணி என்றால் சோறும் கறியும் ஒரே ஆவியில் புழுங்கி, சோற்றை மட்டும் அள்ளினாலும் கறிவாசம் வர வேண்டும். இங்கே இரண்டும் தனித்தனியாக வெந்து, சட்டியில்தான் முதன்முதலாகச் சந்தித்திருந்தன. கத்திரிக்காய்த் தொக்கு ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்த சில்லிப்போடு இருந்தது.

பில்லோடு சர்வர் பையன் வந்தான். "சாப்பாடு எப்டி இருந்துச்சு மேடம்?"

"நல்லா இருந்துச்சு தம்பி."

டேப்லெட்டை நீட்டினான். ஐந்து நட்சத்திரத்தையும் தொட்டேன். ஆட்டோவில் ஏறியதும் புலம்ப ஆரம்பித்து, பேசின் பிரிட்ஜ் தாண்டும் வரை நிறுத்தவில்லை. "இத அங்கயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் கணவர். "பாவங்க அந்தப் பையன்" என்றேன். மகள் சிரித்தாள். "அவன் பாவம்னு சொல்லிட்டு எங்க ரெண்டு பேரு காதையும் தின்றியேம்மா!"

யோசித்துப் பார்த்தால் இது பள்ளிக்கூடத்துச் சத்துணவு வளர்த்த குணம். எம்.ஜி.ஆர். 1982-ல் கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறை நான். தட்டை நீட்டினால் சோறு விழும் என்பதே பெரிய விஷயமாக இருந்த வீடு எங்களுடையது. "சோத்தக் குறை சொல்ற வாய்க்கு சோறு கெடைக்காது" என்பார் அம்மா. சோறு போட்டவரிடம் உப்பு இல்லை என்று சொல்வது எங்களுக்கு நன்றிகெட்ட வேலை. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்திலும் அந்தப் பயம் விடவில்லை.

இத்தனைக்கும் நான் வளர்ந்த தெரு வாயைப் பொத்திக்கொள்கிற தெரு இல்லை. பாட்டு விஷயத்தில் அதன் தீர்ப்பைக் கேட்க வேண்டுமே! 1994-ல் 'காதலன்' வந்தபோது, தெருவில் பாதிப் பையன்கள் பிரபுதேவா ஆகிவிட்டார்கள். நான் காலி கேசட்டும் பாட்டுப் பட்டியலுமாக ரெக்கார்டிங் கடைக்குப் போவேன். கடைக்கார அண்ணன் பட்டியலை வாங்கியதும் பேனாவை எடுத்துத் திருத்துவார், நான் இப்போது கட்டுரை நோட்டு திருத்துகிற மாதிரி. "அறுபது நிமிஷ கேசட்டு இது. ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டுக்கு மேல எழுதுனா கடைசிப் பாட்டு பாதில நிக்கும். ரெண்டு குத்துப்பாட்டு நடுவுல இந்தச் சோகப்பாட்ட ஏன் வெச்ச? பி சைடுல கடைசியா தள்ளு." பணம் கொடுப்பவள் நான், குறை சொல்பவர் அவர். ஆனால் அவர் திருத்திய கேசட்டைத்தான் நாடா அறுகிற வரை கேட்டோம். 1996-ல் 'காதல் கோட்டை'யில் தேவா தானே பாடிய கானா தமிழ்நாட்டையே ஆட வைத்தது. எங்கள் தெருவோ, "பாட்டு சூப்பரு. ஆனா நம்ம ஆளுங்க இன்னும் வேகமா பாடுவாங்க" என்றது.

சாவுக்குப் பாடும் கானாவுக்கு மூலக்கொத்தளம் அந்நியமான இடமில்லை. இங்கே இருக்கும் மயானத்தில்தான் 1939-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஜனவரி 25 அன்று கட்சிகள் மாலையோடு வரும். மற்ற நாட்களில் பறையும் பட்டாசும் பூவுமாக ஏதாவது ஒரு சாவு ஊர்வலம் போகும். பாடம் நடத்தும்போது வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பி மேசையில் தாளம் போடும். எடுத்த சாவுக்குப் பதினாறாம் நாள் ராத்திரி பந்தல் போட்டுக் கானா நடக்கும்.

அப்படி ஒரு பந்தலில் நான் பார்த்ததை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். இறந்தவர் மீன்பாடி வண்டி ஓட்டியவர். பாடகர் அவருடைய குடியையும் கும்மாளத்தையும் வைத்துக் கட்டிப் பாட, கூட்டம் விசில் அடித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி கையைக் காட்டி நிறுத்தினார். "நல்லாத்தான் பாட்ற நைனா. குடிச்சத பாடு, வேணாங்கல. வண்டி மிதிச்சு மூணு பொண்ணக் கட்டிக் குட்த்தாரே, அத எப்போ பாடுவ?" பந்தல் அமைதியானது. பாடகர் தலையாட்டிவிட்டு, மூன்று பெண்களின் பேரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே மெட்டில் புதுசாகக் கட்டினார். யாரும் அவமானப்படவில்லை. அன்று ராத்திரி அதுதான் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு.

பந்தலில் பார்த்தது ஓட்டலில் எனக்குக் கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது நான்காம் வகுப்பு. ஒருநாள் வழக்கம்போல் ஒரு வாய் சாப்பிட்டு, 'நன்று' எழுதிவிட்டுப் பரிமாறச் சொன்னேன். முதல் வரிசைப் பெண் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"சாம்பாருல உப்பு கம்மி மிஸ். முட்ட நல்லா கீது."

புகார் மாதிரியே இல்லை. வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்கிற சாதாரணக் குரல். எது குறை, எவ்வளவு குறை, எது நன்றாக இருக்கிறது என்று எல்லாம் இரண்டு வரியில் முடிந்தது. சொன்ன கையோடு அடுத்த கவளத்தை எடுத்தாள்.

சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில். அன்றைக்குக் கேள்வி, பிள்ளையின் வயிறு நிறையுமா என்பது. நூறு வருஷம் கழித்து ஒரு பிள்ளை உப்பைப் பற்றிப் பேசுகிறாள் என்றால், சோறு நாளைக்கும் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டினிக்குப் பயப்படாத நாக்குதான் ருசியைப் பேசும். இவளைப் பார்த்து அம்மா சொன்னதை நான் சொன்னால், போராடி வாங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததுபோல் ஆகும்.

சமையல் அக்காவிடம் போனேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "பரிமாறறதுக்கு முன்னாடியே சொல்றதுதான டீச்சர்? அண்டா பெருசு, நா ஒருத்தி நாக்குல என்னா தெரியும்? அதுக்குத்தான உங்கள ருசி பாக்கச் சொல்றாங்க!" என்றார். உப்பைக் கரைத்து ஊற்றிக் கலக்கினார். பருப்பு சில நாள் வேகாமல் நிற்பது பற்றியும் அன்றைக்குத்தான் பேசினோம். பழைய பருப்பு என்றால் எவ்வளவு கொதித்தாலும் கரையாது. ராத்திரியே ஊறப்போட்டால் அடங்கும் என்றார். இதுவரை யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

அன்று நோட்டில் எழுதினேன்: 'சாம்பாரில் உப்பு குறைவு, சேர்த்த பின் சரி. முட்டை நன்று.' தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "ஆய்வுக்கு வர்றவங்க கேள்வி கேப்பாங்கம்மா" என்றார். "கேக்கட்டும் சார், பதிலும் அதே வரியில இருக்கே" என்றேன். பிள்ளைகளின் கட்டுரை நோட்டிலும் வெறும் 'குட்' போடுவதைக் குறைத்துக்கொண்டேன். அதைப் படித்தால் பிள்ளைக்கு அடுத்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாது. 'முடிவு அவசரமாக வந்துவிட்டது' என்றால் தெரியும்.

ஓட்டலிலும் இப்போது அப்படித்தான், அதுவும் பில் வருவதற்கு முன்னால். சமீபத்தில் ஒரு இடத்தில் தோசை ஓரம் கருகி, நடுவில் வேகாமல் வந்தது. "தம்பி, சட்னி நல்லா இருக்கு. தோசக்கல்லு சூடு அதிகம் போல, மாவும் ஜில்லுனு ஊத்தியிருக்காங்க" என்றேன். உள்ளே போய்விட்டு வந்தவர், "மாஸ்டர் ஆமாங்கறார் மேடம், வேற ஊத்தித் தரேன்னார்" என்றார். அடுத்த தோசையும் பிரமாதம் இல்லை. சுமாரான ஓட்டல் நான் வாயைத் திறந்ததால் நல்ல ஓட்டல் ஆகிவிடாது. ஆனால் திரும்பும்போது புலம்ப ஒன்றும் மிச்சமில்லை.

பேச்சில்லாத ஆட்டோவில் மகள் செல்போனில் பிடிஎஸ் பாட்டு ஒன்றைப் போட்டாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, "தாளம் நல்லா இருக்கு. நடுவுல வர்ற அந்த ராப்தான் கொஞ்சம் நீளம்" என்றேன்.

"ஓட்டல்ல அவங்க கேட்டாங்கம்மா," என்றாள். "நா இன்னும் கேக்கல."