கேறும் காலம்

கார்த்திகை 27

தம்பி பர்மிங்காமிலிருந்து பேசினான். வீட்டுப் பின்புறம் மூன்று கோழி வைத்திருக்கிறான். இங்கிலாந்தில் ஒற்றைக் கோழி வளர்த்தாலும் அரசாங்கத்திடம் பதிய வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து அப்படிச் சட்டம். பதிந்த கோழிகள் ஐப்பசியோடு முட்டையை நிறுத்திக்கொண்டன. “தீனி நல்லாத்தான் திங்குதுக்கா, ஒண்ணுகூட வெக்க மாட்டேங்குது” என்று குறைபட்டான்.

இங்கே காங்கேயத்துப் பக்கம் நேர்மாறு. மழை விட்டதிலிருந்து வெடைக்கோழிகள் கேறிக்கொண்டு திரிகின்றன. வைக்கோல் போர், விறகடுக்கு, அத்தையின் கட்டிலடி என்று முட்டையிட இடம் தேடி ஓரிடம் விடாமல் நுழைந்து பார்க்கின்றன. தம்பி சொன்னதைக் கேட்ட அத்தை, “அந்தூர்ல குளுரு கண்ணு. கோழிக்கு ஒரு கம்பளி போத்தச் சொல்லு” என்றார்.

மார்கழி 7

குளிர் அல்ல, வெளிச்சம்தான் காரணம். கோழி பகலின் நீளத்தை அளப்பது கண்ணால் மட்டும் இல்லை. மண்டையோட்டைக் கடந்து போகும் வெளிச்சத்தை மூளையின் அடிப்பகுதியே உணர்ந்துகொள்கிறது. பறவைகளிடம் இப்படி ஒன்று உண்டென்று 1930களிலேயே பிரான்சில் ழாக் பெனுவா வாத்துகளை வைத்துக் காட்டினார். கண் இல்லாத வாத்துகளும் வெளிச்சத்துக்கு ஏற்ப இனப்பெருக்கத்துக்குத் தயாராயின. பகல் நீண்டால் மூளை சுரப்பிகளை முடுக்கும், சினைப்பையில் மஞ்சள்கரு திரளும். 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இருந்தால் கோழி முழுவீச்சில் முட்டையிடும். பர்மிங்காமில் இப்போது பகல் 8 மணி நேரம்கூட இல்லை.

விளக்கு போடலாமா என்று தம்பி கேட்டான். போடாதே, இறகு உதிர்த்துப் புதிது முளைக்கிற காலம், இருக்கிற புரதமெல்லாம் அதற்கே சரியாக இருக்கும், ஓய்வெடுக்கட்டும் என்றேன். கேட்க மாட்டான். அதனால், போட்டால் விடியற்காலையில் போடு என்றும் சொல்லிவைத்தேன். ராத்திரி எரிந்து சட்டென்று அணைந்தால் கோழிகள் கம்பில் ஏற வழி தெரியாமல் இருட்டில் தரையிலேயே நின்றுவிடும்.

மார்கழி 20

நம் ஊர்ப் புத்தகங்களிலும் இந்த வெளிச்சக் கணக்கையே எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அது பொருந்துவதாகத் தெரியவில்லை. இங்கே ஆண்டிலேயே குறைந்த பகல் ஏறக்குறைய 11½ மணி, கூடிய பகல் 12¾ மணி. இந்த ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஏதோ பலன் இருக்கலாம். ஆனால் பகல் மிகக் குறுகிய இந்த மார்கழியில்தான் என் கூடை நிறைகிறது. பகல் நீண்ட வைகாசியில் காலியாகக் கிடக்கிறது. நம் கோழியின் பருவத்தைத் தீர்மானிப்பது மழையும் வெயிலும்தான். அதற்கு மேல் கோழியின் பிள்ளைப் பாசமும்.

மழைக்குப் பிறகு மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் பச்சை துளிர்க்கிறது. எருக்குழியைக் கிளறினால் புழு, புல்லில் வெட்டுக்கிளி, சாயங்காலம் ஈசல். கையால் இறைக்கிற கம்பிலும் சோளத்திலும் மாவுச்சத்துதான் அதிகம். முட்டைக்கு வேண்டிய புரதம் பூச்சியில் இருக்கிறது. பூச்சி குறைந்த நாளில் அத்தை பழைய பானையில் சாணியும் வைக்கோலும் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்துவைப்பார். காலையில் திறந்தால் கரையான் மொய்த்திருக்கும்.

கருப்பி நேற்று பத்து மணிக்கு முட்டையிட்டது, இன்று பதினொன்றரை. ஒரு முட்டை உருவாக 25 மணி நேரம் போல ஆகிறது, அதில் ஓடு படியவே 20 மணி. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தும். பிந்திப் பிந்தி மத்தியானத்தைத் தாண்டினால் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும்.

தை 16

கருப்பி அவயத்துக்கு உட்கார்ந்துவிட்டது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறது. கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கி, ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் அத்தை வைத்தார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம், அதற்குக் காப்பு. தை மாதத்தில் ஏது இடி என்று நான் கேட்கவில்லை.

இனி 21 நாள் அடை, அப்புறம் இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு. அதுவரை இதனிடம் முட்டை கிடையாது. அடைகாக்கிற சுரப்பு ஏறினால் முட்டையிடுகிற சுரப்பு இறங்கிவிடும். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு பத்துப் பன்னிரண்டு முட்டை என்று ஆண்டில் மூன்று நான்கு ஈடுதான் வைக்கும். பண்ணையின் வெள்ளை லெகார்ன் 300ஐத் தாண்டுவது, அடைகாக்கும் குணத்தை மனிதன் அதனிடமிருந்து கழித்துவிட்டதாலும்தான். பக்கத்துத் தோட்டத்தில் அடைக்கோழியின் மூக்கில் இறகைச் செருகி விரட்டுகிறார்கள்; சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வருமாம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாசி 12

வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டார்கள். வெயில் ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும். அது வந்தால் முட்டைக் கணக்குப் பார்க்கக் கோழியே மிஞ்சாது.

சித்திரை 24

கத்திரி. மத்தியானம் வெளியில் தலைகாட்ட முடியவில்லை. கோழிகள் வெள்வேல் நிழலில் மண்ணைக் குழித்துப் படுத்து, வாயைத் திறந்து, இறக்கையைத் தூக்கி வைத்துக்கொண்டு இரைக்கின்றன. கோழிக்கு வேர்க்காது. உடம்பின் வெப்பமே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறிப் போய்விடுகிறது. ஓடு கட்டச் சுண்ணாம்போடு சேர வேண்டிய சரக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். தீனியும் பாதியாகக் குறைந்துவிட்டது. இன்று கிடைத்த ஒன்றும் தோல்முட்டை, கையில் எடுத்தால் பலூன்போல அமுங்குகிறது.

மண்சட்டிகளில் தண்ணீர் வைத்து மத்தியானம் ஒருமுறை மாற்றுகிறேன். தீனியை விடியும் முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுகிறேன். கிளிஞ்சலை நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்திருக்கிறேன். வேண்டியது தானே கொத்திக்கொள்ளும். கழுத்தில் இறகில்லாத அந்தச் செம்பட்டைக் கோழி மட்டும் அவ்வளவாக வாடவில்லை, வெற்றுக் கழுத்து வழியாகச் சூடு இறங்கிவிடுகிறது. அழகில்லை என்று அதை விற்கச் சொன்ன என் கணவர் இப்போது பேசுவதில்லை.

ஆடி 9

காற்று. கூடை கவிழ்கிறது, தீனி பறக்கிறது. முட்டை அங்கொன்று இங்கொன்று.

புரட்டாசி 18

ஒரு மழை விழுந்ததும் கேறல் தொடங்கிவிட்டது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் யாரும் முட்டை தொடுவதில்லை. கோழிக்கு அது தெரியாது. நாமக்கல்லில் விலை இறங்கியிருக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள், பெரும்பாலும் இந்த மாதம் இறங்கும். அங்கே கொட்டகையில் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, அளந்த தீவனம் போடுகிறார்கள். முட்டைக்குப் பருவம் இல்லை, விலைக்குத்தான்.

முட்டைமேல் பென்சிலால் தேதி எழுதி வைக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் ஆனவை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு. அடைக்கு வைத்தால் பொரிப்பது குறையும். புதியவற்றை இப்போதே வைத்துவிடலாம், குஞ்சு இறங்குகிற நேரம் ஈசல் கிளம்பும் என்பது அத்தையின் கணக்கு. ஐப்பசி ஈரத்தில் குஞ்சு விறைத்துச் சாகும், கார்த்திகை கழியட்டும் என்பது என்னுடையது. இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் கருப்பி விறகடுக்குக்குள் யாரும் வைக்காத முட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டது. மேலே தார்ப்பாய் கட்ட ஆள் கூப்பிட வேண்டும்.